ஆம்பளை நாற்காலி

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் பேப்பரைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு வேலை விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். பார்க்க லட்சணமான, இனிமையாகப் பழகத் தெரிந்த பெண் டைப்பிஸ்ட் தேவை என்று ஒன்றில் போட்டிருந்தது. "அப்பா, இவங்க கூப்பிடறது என்னையா, என் மூக்கையா?" என்று கேட்டாள். மூக்கால் டைப் அடிக்க முடியாது என்று சின்னவன் சொல்லி ஒரு குட்டு வாங்கினான். இந்த மாதிரி விளம்பரம் எழுதுவதையே ஒரு வித்தையாகச் செய்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுதி வைக்கிறேன். இந்தியைக் கடகடவென்று படிக்கிற நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறீர்கள் என்பதால் பெரிய வார்த்தைகள் போடவில்லை. எட்டாவது படித்த எனக்கும் அப்படிப்பட்ட வார்த்தைகள் அதிகம் தெரியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பம்பாயில், செம்பூரில் ஒரு பெயிண்ட் கம்பெனி ஆபீஸில் பியூனாக இருந்தேன். அங்கே மேனேஜர் அறைக்கு வெளியே, கண்ணாடிக் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவர்தான் இவர். ஸ்டெனோ சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஸ்டெனோ என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேனேஜர் வாயால் சொல்லச் சொல்ல, அதைக் கோழி கிளறின மாதிரி கோடு கோடாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டெழுத்துக்குப் பேர் ஷார்ட்ஹேண்ட். அப்புறம் அதைப் பார்த்து டைப் அடித்துக் கடிதமாக்க வேண்டும். அந்தக் காலத்தில் மாட்டுங்கா ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கிறவர்களில் பாதிப் பேரின் சட்டைப் பையில் சீவிய பென்சில் இருக்கும். இவரும் மாட்டுங்காதான். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிசாகச் சந்தனம், குடையைக் கதவு மூலையில் சாய்த்து வைத்த பிறகுதான் செருப்பை மேஜைக்கு அடியில் தள்ளுவார். டீயை சாஸரில் ஊற்றி ஆற்றிக் குடிப்பார்.

கம்பெனியில் ஆள் எடுக்க வேண்டுமென்றால் பேப்பருக்கு விளம்பரம் எழுதுவது அவர் பொறுப்பு. யாராவது வேலையை விட்டுப் போனால், எழுந்து போய் அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாமனார் மாதிரி தலையைச் சாய்த்து அதைப் பார்ப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

"இது ஆம்பளை நாற்காலிடா."

அல்லது, பொம்மனாட்டி நாற்காலி என்பார். இரண்டும் இல்லாத நாற்காலியை அவர் பார்த்ததே இல்லை. டெலிபோன் இருக்கிற மேஜை பெண்ணுக்கு. ஏனென்றால் கோபத்தோடு கூப்பிடுகிற வியாபாரி பெண் குரல் கேட்டால் அடங்கிவிடுவான். பணப்பெட்டி இருக்கிற மேஜை ஆணுக்கு, அதிலும் கல்யாணமாகிக் குழந்தை பெற்ற ஆணுக்கு; அவன்தான் பயப்படுவான். டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிற கூடம் பெண்களுக்கு. விரல் சின்னது என்றார். சம்பளமும் சின்னது என்பதை அவர் சொல்லவில்லை, அது எங்களுக்கே தெரியும். பெண்ணைக் கூப்பிடுகிற விளம்பரத்தில் கல்யாணமாகாதவள் என்று கட்டாயம் போடுவார். கல்யாணமானவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். ஆபீஸில் கடிகாரத்தை அதிகம் பார்த்தவர்கள் ஐந்து இருபது ரயிலைப் பிடிக்க வேண்டிய ஆண்கள்தான். அவர்கள் ரயிலைப் பார்க்கிறார்கள், கடிகாரத்தை அல்ல என்பார்.

பியூன் நாற்காலி எது என்று ஒருநாள் கேட்டேன். எங்களுக்கு இருந்தது ஸ்டூல்தான், இருந்தாலும் கேட்டேன். அது ஆம்பளை ஸ்டூல், தண்ணீர் ஜாடி தூக்க வேண்டுமே என்றார். "எங்க தாராவியில பொம்பளையளுதான் சார் தண்ணி சுமக்காங்க. இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு. இந்த ஜாடியெல்லாம் அதுல கால்வாசி" என்றேன். அவர் ஜாடியை ஒருமுறை பார்த்தார். அது குடம், இது ஜாடி என்று சொல்லி முடித்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அது பெரிய ஞானமாகவே தோன்றியது.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நல்ல விளம்பரம் போட்டால் நல்ல ஆள் வருவான் என்று பூஜை மாதிரி நம்பினார். விளம்பரத்தை எழுதிவிட்டு, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். ஒரு வார்த்தை சரியில்லை என்றால் முகம் சுருங்கும். இங்கிலீஷில் அவர் போட்ட வார்த்தைகளுக்கெல்லாம் எனக்குத் தமிழில் அர்த்தம் சொல்வார். சுறுசுறுப்பு, நளினம், இனிய சுபாவம், கவர்ச்சியான தோற்றம். பெயிண்ட் டப்பாவின் மேல் ஒட்டுகிற லேபிளில்கூட இத்தனை நல்ல வார்த்தைகள் கிடையாது.

டெலிபோனுக்கு ஆள் எடுத்த கதையைக் கேளுங்கள். பேப்பர்காரர்கள் வரிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஒரு வரி அதிகமாகிறது, குறை என்று அப்போதிருந்த மேனேஜர் சொல்லிவிட்டார். ஸ்டெனோ சார் எந்த வரியை எடுப்பது என்று காலையெல்லாம் தவித்தார். இனிய குரலை எடுக்க முடியாது. நல்ல தோற்றத்தை எடுக்க முடியாது, வாசலில் உட்காருகிற ஆள். கடைசியில், இந்தியும் குஜராத்தியும் தெரிந்திருக்க வேண்டும் என்ற வரியை எடுத்தார். வந்து சேர்ந்த பெண் ரொம்ப நல்ல பெண். குரல் மணி மாதிரி இருக்கும். இங்கிலீஷ் தவிர ஒன்றும் தெரியாது. எங்களிடம் பெயிண்ட் வாங்குகிறவர்களோ எல்லாம் கடைக்காரர்கள், இங்கிலீஷில் ஹலோ மட்டும் சொல்வார்கள். அவள் ஹலோவை இனிமையாகச் சொல்லிவிட்டு, டெலிபோனைத் திரைக்குப் பின்னால் நிற்கிற என்னிடம் நீட்டுவாள். நான் என் தாராவி இந்தியில், சேட் இல்லை, சரக்கு நாளை வரும் என்று பேசுவேன். மழைக்காலம் முழுக்க இப்படி ஓடிற்று. இனிய குரல் அவளுடையது, மீதிக் குரல் என்னுடையது. அவளுக்கு அழுகையே வந்துவிடும். "அண்ணா, என்னை எதற்கு எடுத்தார்கள்?" என்று இந்தியில் என்னிடம் கேட்டாள். அந்த இந்தியும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஆண்களுக்கான விளம்பரமும் இதே லட்சணம்தான். டெஸ்பாட்ச் பிரிவுக்கு, திடகாத்திரமான, விளையாட்டில் ஆர்வமுள்ள இளைஞன் தேவை என்று போட்டார். வந்தவன் உண்மையிலேயே திடகாத்திரம். கம்பெனி கிரிக்கெட்டில் அவன் அடித்த பந்து காணாமலே போகும். அவன் அனுப்பிய பார்சலும் அப்படித்தான். கல்யாணுக்குப் போக வேண்டிய டிரம்கள் உல்லாஸ்நகரில் கிடக்கும். பேட்டியில் விலாசம் எழுதச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை, ஓடச் சொன்னார்களாம்.

ஒருமுறை அவசரக் கடிதம் ஒன்றைக் கொடுக்க மாட்டுங்காவில் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே டைப் அடிக்கிற சத்தம் சடசடவென்று கேட்டது. சார் இன்னும் வேலை செய்கிறாரே என்று நினைத்தால், அவர் கூடத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடித்துக்கொண்டிருந்தது அவர் மனைவி, மாமி. காலேஜ் பையன்களின் பெரிய கட்டுரைகளை எல்லாம் மாமிதான் வீட்டிலிருந்தே அடித்துக் கொடுப்பாராம். மெஷினின் ஒரு பக்கம் காகிதக் கட்டு, மறுபக்கம் நறுக்கி வைத்த வாழைக்காய். வெளியே வந்ததும், மாமியும் வேலை பார்க்கிறாங்களா சார் என்று கேட்டேன்.

"வேலையா? அது வேலை இல்லடா. ஆத்துக் காரியம்."

இப்படியே போயிருக்கும். ஆனால் பழைய மேனேஜர் போய்ப் புது மேனேஜர் வந்தார். அவர் பம்பாய்க் கோட்டைப் பகுதியின் பெரிய ஆபீஸ்களில் பழகியவர். அங்கே ஒவ்வொரு மேனேஜர் அறைக்கும் வெளியே ஒரு பெண் செக்ரட்டரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். தன் கதவுக்கு வெளியே சந்தனப் பொட்டும் குடையுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பது அவருக்கு உறுத்தியது. வந்த கொஞ்ச நாளில் ஸ்டெனோ சாரை உள்ளே கூப்பிட்டு, ஒரு விளம்பரம் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். நான் அப்போது டீ வைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் சொல்லச் சொல்ல இவர் குறித்துக்கொண்டே வந்தார். பெண் செக்ரட்டரி, கல்யாணமாகாதவர், இருபத்தைந்துக்கு உட்பட்டவர், கவர்ச்சியான தோற்றம், டைப்பும் ஷார்ட்ஹேண்டும் தெரிந்தவர். பாதியில்தான் அது எந்த நாற்காலி என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது. பென்சில் நிற்கவில்லை. எழுதி முடித்ததும், ஏதாவது விட்டுப்போயிற்றா என்று மேனேஜர் கேட்டார். ஸ்டெனோ சார் எழுந்து நின்று, இனிய குரல் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இத்தனை வருஷத்துப் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

அவரைக் குர்லா கோடவுனுக்கு மாற்றுவது என்று முடிவாகியிருந்தது. டிரம்களைச் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுகிற இடம். அங்கே கடிதம் கிடையாது, மெஷின் கிடையாது. பதினாறு வயதில் பென்சில் பிடித்தவர் அங்கே போய் என்ன செய்வார்? வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"என் நாற்காலி பொம்மனாட்டி நாற்காலி ஆயிடுத்துடா."

"நேத்து வரைக்கும் ஆம்பளை நாற்காலியாத்தான சார் இருந்திச்சு?"

"இருந்துது. மேனேஜர் மாறினா இதுவும் மாறும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

ஆனால் ஒரு வழி அவர் கையில் இருந்தது. வருகிற பெண்களுக்குப் பரீட்சை வைப்பதும் அவர்தான். அவர் வாசிக்க, அவர்கள் ஷார்ட்ஹேண்டில் எழுத வேண்டும். பெண்கள் வந்தார்கள். நல்ல நல்ல சேலைகளில், குதிகால் செருப்புகளில், வரிசையாக உட்கார்ந்தார்கள். ஸ்டெனோ சார் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள், கல்யாண் ஃபாஸ்ட் வண்டி சின்ன ஸ்டேஷன்களைத் தாண்டுகிற மாதிரி. நடுவில் மூச்சும் விடவில்லை, புள்ளியும் வைக்கவில்லை. அவருடைய பாலக்காட்டு இங்கிலீஷ் வேறு. ஒரு பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இது இங்கிலீஷ்தானா என்று மரியாதையாகக் கேட்டாள். ஒருத்தியும் தேறவில்லை. எல்லோர் தாளிலும் சிவப்புக் கோடு போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாக சாஸரில் டீ ஆற்றினார்.

மேனேஜர் மறுபடி விளம்பரம் போடச் சொன்னார். இந்தத் தடவை ஸ்டெனோ சார் தன் வித்தை முழுவதையும் இறக்கினார். முதல் விளம்பரத்தில் இருந்ததோடு நளினம், நாகரிகம், உயர்ந்த ரசனை, கான்வென்ட் படிப்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். லட்சணம் கூடக் கூட ஷார்ட்ஹேண்ட் குறையும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. அதை என்னிடம் கண் சிமிட்டிச் சொன்னார். மேனேஜருக்கு விளம்பரம் ரொம்பப் பிடித்தது.

பேட்டி வைத்த அன்று பேய் மழை. குர்லாவில் தண்டவாளம் முழுகி வண்டிகள் நின்றுவிட்டன. பதினோரு மணி வரை ஒருத்தியும் வரவில்லை. பிறகு ஒரு அம்மா வந்தார். முழங்கால் வரை நனைந்த பருத்திச் சேலை, கெட்டிக் கண்ணாடி, கழுத்தில் தாலி தெரிகிறது, கையில் டிபன் பை. நாற்பது வயதுக்குக் குறையாது. முலுண்டிலிருந்து வந்து, பாதி வழி தண்டவாளத்தோடு நடந்து வந்தாராம். மகளுக்கோ தங்கைக்கோ துணையாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நான்தான் என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. உள்ளே போய் அவமானப்பட வேண்டாமே என்று, விளம்பரத்தில் வயசும் மற்றதும் போட்டிருக்குதே, பாத்தீங்களாம்மா என்று மெதுவாகக் கேட்டேன்.

"பார்த்தேன் தம்பி. ஷார்ட்ஹேண்டுன்னும் ஒரு வார்த்தை இருந்தது. அதுக்குத்தான் வந்தேன்."

ஸ்டெனோ சார் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இவரால் தன் நாற்காலிக்கு ஆபத்தில்லை. உட்காருங்கோ என்று உபசாரமாகச் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பினார். அந்த அம்மா எழுதினார். இவர் வேகத்தைக் கூட்டினார். அந்த அம்மா தலை நிமிரவில்லை, பென்சில் காகிதத்தில் உரசுகிற சத்தம்கூட இல்லை. இவருக்கு வேர்த்தது. நடுவில் என்னைப் பார்த்து, டேய் அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டு என்று தமிழில் சொல்லிவிட்டு, மறுபடி ஓட்டினார். முடித்ததும், படியுங்கள் என்றார். அந்த அம்மா முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நடுவில், டேய் அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டு என்பதும் வந்தது. அதையும் அப்படியே கோட்டெழுத்தில் பிடித்து வைத்திருந்தார்.

ஸ்டெனோ சார் சிரிக்கவில்லை. தாளை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். எங்கே கற்றுக்கொண்டீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் நிரந்தரமாக இருந்தாராம். கல்யாணப் பத்திரிகை கொடுத்த அன்றைக்கே ராஜினாமாவையும் வாங்கிக்கொண்டார்களாம், அதுதான் அங்கே விதி. அதற்குப் பிறகு எல்லாம் லீவ் வேகன்ஸிதான் என்றார். அதாவது, ஒருவர் லீவில் போனால் அவர் திரும்பும் வரை அந்த இடத்தில் உட்காருவது.

"அதுக்கு விளம்பரம் கிடையாதே சார். அதனால வயசு கேக்க மாட்டாங்க, முகத்தையும் பார்க்க மாட்டாங்க. ஸ்மார்ட்டான பொண்ணு அக்கா பிரசவத்துக்கு ஊருக்குப் போனா, இல்ல டைபாய்டுல படுத்தா, நான் போவேன். அவ வந்தா எழுந்துடுவேன். இந்தப் பம்பாய்ல எத்தனையோ அழகான பொண்ணுங்களோட கடிதமெல்லாம் நான்தான் அடிச்சிருக்கேன்."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஸ்டெனோ சார் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்போது செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய காரியமில்லை. வயது அதிகம், கல்யாணமானவர் என்று ஒரு வரி எழுதி அந்த அம்மாவை அனுப்பியிருக்கலாம். விளம்பரமே அப்படித்தான் சொல்கிறது, யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார், வைத்தார். நீலப் பென்சிலால் முழு மார்க் போட்டு, அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார்.

மேனேஜர் தாளைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தார். நனைந்த சேலை, கண்ணாடி, டிபன் பை. பிறகு ஸ்டெனோ சாரிடம், உங்கள் விளம்பரத்தைப் படியுங்கள் என்றார். இவர் படித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மேனேஜர் அந்த அம்மாவை ஒரு தடவை பார்த்தார். நளினம் என்றதும் ஒரு பார்வை. இருபத்தைந்துக்கு உட்பட்ட என்றதும் ஒரு பார்வை. தான் எழுதிய வார்த்தைகளை, பக்கத்தில் ஒரு பெண் நின்று கேட்க, ஸ்டெனோ சார் அதுவரை சத்தமாகப் படித்ததே இல்லை. இனிய குரல் என்ற இடத்தை முணுமுணுத்துத் தாண்டினார். அந்த அம்மாவோ ஜாதகம் கேட்கிற மாதிரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கிலீஷில் மேனேஜரிடம் பணிவாக ஒன்று சொன்னார். கடிதம் அடிக்க ஒரு ஆளும், மற்றதற்கெல்லாம் ஒரு ஆளுமாகத் தனித்தனியே எடுத்தால் சீக்கிரம் கிடைப்பார்கள், ஒருத்தியிடமே எல்லாவற்றையும் தேடினால் நாளாகும் என்று. சொல்லிவிட்டு வந்தனம் செய்துவிட்டு வெளியே வந்தார். மழை விடும் வரை என் ஸ்டூலில் உட்கார்ந்து டிபனைச் சாப்பிட்டார்.

மேனேஜருக்கு அலுத்துவிட்டது. இப்போதைக்கு நீங்களே இருங்கள் என்று ஸ்டெனோ சாரிடம் சொல்லிவிட்டார். நாற்காலி பிழைத்தது. ஆபீஸ் முழுக்க வந்து கை கொடுத்தார்கள். விளம்பரத்தால் போக இருந்த வேலை விளம்பரத்தாலேயே நின்றது என்று அக்கவுண்டண்ட் பேசிப் பேசிச் சிரித்தார். ஸ்டெனோ சார் டீயை ஆற வைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தப்பு இருந்திருந்தாப் போரும்டா. நான் நிம்மதியாத் தப்பிச்சிருப்பேன்."

இரண்டு மூன்று நாள் கழித்து மேனேஜரிடம் போய், முதுகு வலிக்கிறது, மூன்று மாதம் லீவு வேண்டும் என்று கேட்டார். அவர் லீவு என்று கேட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. கடிதமெல்லாம் யார் அடிப்பது என்று மேனேஜர் கேட்டார். லீவ் வேகன்ஸிக்கு ஒரு ஆள் இருக்கிறது, விளம்பரம் வேண்டாம் என்றார் இவர். லீவுக்குத்தானே, யாராவது வந்து அடித்தால் சரி என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார். யார் என்றுகூடக் கேட்கவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. "சார், அவங்க வேலை மேனேஜருக்குப் பிடிச்சுப் போச்சின்னா நீங்க எங்க சார் போவீங்க?" என்று கேட்டேன்.

"பிடிச்சாலும் அந்தம்மாவுக்கு அவர் நாற்காலி தர முடியாதுடா. விளம்பரம் இல்லாம நிரந்தர வேலை கிடையாது. விளம்பரம் போட்டா அந்தம்மா உள்ள வர முடியாது. நான் போட்ட பூட்டாச்சே, எனக்குத் தெரியாதா?"

பின்னே எதற்கு இந்த லீவு என்றேன். அந்தக் கை சும்மா இருக்கப்படாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முலுண்டு அம்மா வந்து உட்கார்ந்தார். முதல் வாரம் மேனேஜர் கதவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டாவது வாரம் கடிதங்கள் மத்தியானத்துக்குள் மேஜைக்கு வந்தன. அடுத்த மாதம், தான் பாதியில் விட்ட வாக்கியங்களும் முழுசாக இருப்பதை மேனேஜர் கவனித்தார். பிறகு பெண் செக்ரட்டரி என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. வெளியில் ஒரு பெண் செக்ரட்டரி உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். வருகிறவர்களிடம், இவர் டெம்பரரி என்று மட்டும் சொல்வார்.

அந்த டெம்பரரி எத்தனையோ வருஷம் ஓடிற்று. மேனேஜர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் முலுண்டு அம்மா அதே நாற்காலியில் லீவ் வேகன்ஸியாகவே இருந்தார். நிரந்தரமாக்க முடியாது, விதி இல்லை. அனுப்பவும் முடியாது, கடிதம் நின்றுவிடும். ஸ்டெனோ சார் குர்லா கோடவுனில் டிரம்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஏதாவது கொடுக்கப் போனால், ஆபீஸ் எப்படி இருக்கு, அந்தம்மா எப்படி இருக்கா என்று கேட்பார். அப்போ அது பொம்பளை நாற்காலியாத்தான சார் ஆயிருச்சி என்று ஒருநாள் சீண்டினேன்.

"யாரு சொன்னா? அது ஆம்பளை நாற்காலிதான். என் பேர்ல இருக்கு. அந்தம்மா லீவுக்கு உட்கார்ந்திருக்கா, அவ்வளவுதான்."

கடைசி வரைக்கும் தன் கொள்கையை அவர் விடவில்லை. அப்படியானால் கோடவுனுக்கு அவர் எப்படிப் போனார் என்றுதானே கேட்பீர்கள். அவரை யாரும் அனுப்பவில்லை. லீவு முடிகிற அன்று சாயங்காலம் அவரே ஆபீஸுக்கு வந்தார். மேனேஜர் வெளியே போயிருந்தார். முலுண்டு அம்மா அதற்குள் மெஷினுக்கு உறை போட்டு, டிபனைப் பைக்குள் வைத்து, மேஜையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்றார். உட்காருங்கோ என்றார் இவர். அவர் உட்காரவில்லை. "நாளையிலேர்ந்து உங்க இடம் சார்" என்றார்.

"ஒரு கடிதம் சொல்றேன், எடுத்துக்கறேளா?"

அந்த அம்மா உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். ஸ்டெனோ சார் மேஜைக்கு இந்தப் பக்கம், மேனேஜர்கள் நிற்கிற பக்கம் நின்றுகொண்டு சொன்னார். கோடவுன் கணக்கு சரியாக இல்லாததால் தன்னைத் தற்காலிகமாக அங்கே அனுப்ப வேண்டும், ஸ்டெனோ பதவி தன் பேரிலேயே இருக்க வேண்டும், தான் திரும்பும் வரை இப்போதுள்ள ஏற்பாடே தொடரலாம் என்று. அவர் போய்விட்டார் என்று ஆனால் நாற்காலி காலியாகும். காலியானால் விளம்பரம் வரும். அவர் பேரில் அது இருக்கிற வரைக்கும்தான் அந்த அம்மா அதில் உட்கார முடியும். எனக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பென்சில் நின்றது.

"தற்காலிகமான்னா, எத்தனை நாள்னு போடணும் சார்?"

"போடாதேள். போட்டா முடிஞ்சு போயிடும்."

அந்த அம்மா மெஷின் உறையை எடுத்துவிட்டு அடித்தார். ஸ்டெனோ சார் கடிதத்தை வாங்கி, பழக்கப்படி தப்புத் தேடினார். இல்லை. ஆபீஸ் கடிதம் எதிலும் அடியில் இடது மூலையில், சொன்னவர் பேரின் முதலெழுத்து, ஒரு சாய்ந்த கோடு, பிறகு அடித்தவர் பேரின் முதலெழுத்து என்று சின்னதாகப் போடுவார்கள். இத்தனை வருஷமும் அவர் எழுத்து கோட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. இந்தக் கடிதத்தில் முன்னால் இருந்தது. பின்னால் அந்த அம்மாவின் எழுத்து.

அவர் அந்த மூலையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.